முட்டி போட்டு வாங்கிய ஷூ

மலையேறுகிறவர்களுக்கான அந்தக் கடைக்குள் நுழைந்ததும் டைல்ஸ்காரர் ஷூ எதையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். தொழில் புத்தி. வாசலிலிருந்து நாலாவது வரிசையில் ஒரு டைல் மயிரிழை தூக்கியிருந்தது. காலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரோ அவசரத்துல போட்டுட்டு ஓடியிருக்கான்," என்றார்.

"அத்தான், நாம வந்தது ஷூ வாங்க. தரையக் குறை சொல்லாம ஒரு கடைக்குள்ள நுழைய மாட்டீங்களா?" என்றான் மச்சினன். அவர் மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். அவர் வேலை செய்கிற கட்டடத்திலேயே வயர் இழுக்கிறவன். வண்டி அவனிடம் இருந்ததால் கூட வந்தான். வண்டியோடு வாயும் சேர்ந்து வந்தது.

கடையில் இருந்த பெண் எழுந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். விரல் கணுக்களில் ஆறிப்போன சிராய்ப்புகள். இவளும் ஏறுகிறவள்தான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"எதுக்கு சார் ஷூ? நடக்கவா, ஏறவா?"

"ரெண்டுக்கும்மா. காலையில மூணு மணி நேரம் நடை. அப்புறம் மூணு ஆள் உயரத்துக்கு ஒரு பாறை, அதுல ஏறணும். மறுபக்கமா இறங்கி வரணும்."

"அப்ப அப்ரோச் ஷூ பாருங்க. பாறை வரைக்கும் நடந்து போகவும் ஆகும், ரொம்பக் கஷ்டமில்லாத பாறையில ஏறவும் ஆகும்." ஒரு ஷூவைக் கவிழ்த்துக் காட்டினாள். "பின்னாடி பாருங்க, மண்ணுல வழுக்காம இருக்கப் பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கு. முன்னாடி, கட்டைவிரலுக்குக் கீழ மட்டும் வழவழன்னு விட்டிருக்காங்க. பாறையில ஒட்டுறது அந்த இடம்தான்."

"வழவழன்னு இருந்தா வழுக்கிடாதா?" என்று மச்சினன் மூக்கை நுழைத்தான்.

"வழவழப்பு வேற, வழுக்கல் வேறடா," என்றார் டைல்ஸ்காரர். "சமமா இருந்தாத்தான் முழுசா ஒட்டும். கலவைக்கும் டைலுக்கும் நடுவுல காத்து போனா என்ன ஆகும்? அதே கணக்குதான்."

கடைப்பெண் அவரை மரியாதையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் ஆரம்பம். தனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

அவள் இரண்டு ஜோடி கொண்டுவந்து வைத்தாள். ஒன்று சாம்பல் நிறம், கொஞ்சம் விறைப்பு. இன்னொன்று பழுப்பு, மெத்தென்று இருந்தது. டைல்ஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு ஷூவின் அடிப்பாகத்தையும் கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். இரண்டும் பிடித்தன. சரி என்று சாம்பல் நிற ஷூவைப் போட்டுக்கொண்டு கடையின் நடுவில் முட்டி போட்டார்.

கடைப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. ஷூ பாக்குறேன்."

டைல் போடுகிறவருக்கு வேலை நேரத்தில் முக்கால்வாசி முட்டி மேல்தான். முட்டி போட்டு, பாதம் பின்னால் நீட்டி, விரல்களை மட்டும் மடித்து ஊன்றியிருப்பார். ஷூவின் முன்பக்கம் நன்றாக மடங்க வேண்டும். மடங்காவிட்டால் விரல்களின் மேல்பக்கத்தைக் கடித்து எடுத்துவிடும். இருபத்தைந்து வருடமாக எந்த ஷூ வாங்கினாலும் கடையிலேயே முட்டி போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். அவரோடு வேலை செய்கிற அத்தனை பேரும் அப்படித்தான்.

சாம்பல் நிற ஷூ கடித்தது. கழற்றிவிட்டுப் பழுப்பு நிறத்தைப் போட்டு மறுபடி முட்டி போட்டார். காலில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"பாறையிலயும் முட்டி போடப் போறீங்களா சார்?" என்று கேட்டாள் கடைப்பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அத்தான் எங்க போனாலும் போடுவார். எங்க அக்கா கொடுத்த பயிற்சி," என்றான் மச்சினன்.

"நீ வாய மூடுறியா?"

கடையின் மூலையில் பலகையில் செய்த ஒரு சரிவு இருந்தது. அதன் பக்கத்தில் சுவரோடு சேர்த்து, முழங்கால் உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்திருந்தார்கள். பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடியும் இருந்தது. "இதுல முன்பாதத்த ஊன்றி ஏறி நின்னு பாருங்க சார். இந்தப் பழுப்பு நடக்கிறதுக்கு அருமையா இருக்கும். விளிம்புல நிக்கத்தான் கொஞ்சம் மக்கர் பண்ணும்."

டைல்ஸ்காரர் அந்தச் சட்டத்தைப் பார்த்தார். கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். முழங்கால் உயரம்தான். இருந்தாலும் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

"அதெல்லாம் வேணாம்மா. இருபத்தஞ்சு வருஷமா என் காலுக்கு நான்தான் ஷூ வாங்குறேன்," என்றார். பழுப்பைக் கட்டித் தரச் சொன்னார்.

அவர் திடீரென்று மலைக்குக் கிளம்பிய காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. தெருவில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. இரண்டு வருடத்துக்கு முன்னால், பரிசோதனை நிலையத்தை ஒட்டியிருக்கிற மருந்துக்கடைக்காரர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவளும் சேர்ந்தாள். முதல் தடவை போய்விட்டு வந்து இரண்டு நாள் படியிறங்க முடியாமல் திண்டாடினாள். மூன்றாவது தடவையிலிருந்து அவள் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு மாதமும் அவரைக் கூப்பிடுவாள். "வாங்களேன், சும்மா ஒரு தடவை." அவரும் ஒவ்வொரு மாதமும் பிடி கொடுக்காமல் ஏதாவது சொல்வார். முட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைதானே லீவு என்பார். மழை வரும் போலிருக்கிறதே என்பார்.

போன மாதம் அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மாசம் பெரிய மலைக்குப் போறோம். பாறை ஏறி, உச்சி வரைக்கும். வரீங்களா? இதுக்கப்புறம் கேக்க மாட்டேங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கவலையில்லை. கோபத்தைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

ஏனென்றால் அவள் கேட்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு அனுபவம் உண்டு. ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல் போடுகிற மனுஷன் வீட்டுச் சமையலறையில் வெறும் சிமெண்ட் தரை. நாலு வருடம் கேட்டாள். இதோ, அதோ என்று இழுத்தார். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் பாய் வாங்கி வந்து விரித்தாள். அதற்கப்புறம் அவருக்கே உறைத்து, மூன்று நாள் லீவு போட்டு, நல்ல டைலாகப் பார்த்து இழைத்து இழைத்துப் போட்டார். அவள் வந்து பார்த்து, "நல்லாருக்குங்க," என்றாள். சுருட்டி வைத்த பாயை எடுத்து அதன் மேலேயே விரித்துவிட்டாள். அவ்வளவுதான். அந்தப் பாயை எடுக்கச் சொல்ல அவருக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை அவர், "வரேன்," என்று சொன்னார். சொன்ன பிறகுதான் பாறை நினைவுக்கு வந்தது.

அவருக்கு உயரம் ஆகாது. யாரிடமும் சொன்னதில்லை. தரை வேலை மட்டும்தான் எடுப்பார். தலைக்கு மேல் போகிற சுவர் வேலை வந்தால், "கழுத்து வலி," என்று இன்னொருவரிடம் தள்ளிவிடுவார். நல்ல ஷூ இருந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். நம்மில் பல பேர் இப்படித்தான். பயத்துக்கு மருந்தைக் கடையில் தேடுவோம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து மனைவியிடம் காட்டினார். அவள் ஒரு ஷூவை எடுத்து முன்னும் பின்னும் பிடித்து மடக்கினாள். அது சப்பாத்தி போல மடிந்தது. "நல்லா மடங்குது," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரரிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், மலைக்குப் போட்டுவரப் போகிற அதே ஷூவோடு, ஒரு வாரம் முன்னால் தண்ணீர்த் தொட்டி மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பாறையில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். கலெக்டரே வந்தாலும் இதுதான் என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரும் மனைவியும் மருந்துக்கடைக்காரரும் போனார்கள். பாறை ஒன்றரை ஆள் உயரம். ஒரு பக்கம் சரிவாக, கைப்பிடி இல்லாமல் நடந்தே ஏறுகிற மாதிரி இருந்தது. அதில் டைல்ஸ்காரர் பாதி தூரம் போனதும் பழக்கதோஷத்தில் முட்டியை ஊன்றினார்.

"முட்டி கூடாது! முட்டி கூடாது!" என்று கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் கத்தினார். "முட்டிய வச்சா எந்திரிக்கவே முடியாது. பாதம், பாதம்!"

எழுந்து பாதத்தை முழுதாகப் பதித்தார். ரப்பர் பாறையில் பசை போட்ட மாதிரி ஒட்டியது. மேலே போய் நின்றபோது அவருக்கே ஆச்சரியம். "பாத்தியா?" என்பது போல மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் சிரிப்பு.

அவர் இறங்கி வந்ததும், "இப்ப இந்தப் பக்கம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

இந்தப் பக்கம் செங்குத்து. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன விளிம்பு. அதில் முன்பாதம் ஊன்றி எழுந்து மேலே இருக்கிற பிடியைப் பிடிக்க வேண்டும். டைல்ஸ்காரர் வலது காலை விளிம்பில் வைத்தார். உடம்பை மேலே தூக்கினார். ஷூ நடுவில் மடிந்தது. குதிகால் தொங்கியது, விரல் பிடி விட்டது, கால் வழுக்கிக் கணைக்காலைப் பாறையில் உரசிக்கொண்டு கீழே வந்து நின்றார்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதேதான். மூன்றாவது தடவை காலை வைத்துவிட்டு எழாமலேயே எடுத்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். தோளில் கை போட்டார். "ஒண்ணும் பிரச்சனையில்ல. அன்னைக்கு நீங்க பாறைக்குக் கீழயே இருந்துக்கலாம். ஓடை இருக்கு, நிழல் இருக்கு. எப்பவும் ரெண்டு பேர் அங்க உக்காந்துடுவாங்க. நாங்க மறுபக்கமா இறங்கிச் சுத்தி வர்றப்ப டீ போட்டு வைங்க, புண்ணியமாப் போகும்."

டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லங்க," என்றாள்.

அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும். "நல்லாருக்குங்க" என்று சொன்ன அதே குரல்.

மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டார். டைல்ஸ்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து கால் சிராய்ப்பில் தண்ணீர் ஊற்றினார். அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணலாக ஒன்றும் இல்லை. நல்ல கல். நல்ல ரப்பர். பிறகு ஏன்?

பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற டைலை அவர் யோசித்தார். முனை மட்டும் கலவையில் உட்கார்ந்து, மீதிக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் தொங்குகிற டைல். கெட்டியான டைல் என்றால் தாங்கும். சன்னமானதில் மிதித்தால் அந்த நிமிஷமே போச்சு. சட்டென்று காலிலிருந்த ஷூவைக் கழற்றி மடக்கினார். எந்த இடத்தில் மடிகிறது என்று முட்டி போட்டுப் பார்த்து வாங்கினாரோ, சரியாக அந்த இடத்தில் மடிந்தது.

"உன் ஷூவ ஒண்ணு குடு."

அவள் கொடுத்தாள். மடக்கிப் பார்த்தார். அது மசியவில்லை. இரண்டு கையாலும் பலத்தைக் காட்டின பிறகு கொஞ்சம் வளைந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் நீ சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

"அதுக்காக?"

"இருபத்தஞ்சு வருஷமா என் காலுக்கு நான்தான் வாங்குறேன்னு கடையில பேசுனீங்களாமே. தம்பி சொன்னான். அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

டைல்ஸ்காரர் அசடு வழிந்தார். அந்தப் பயலின் வாயில் வயரைச் சுற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. மைதானத்தில் யாரோ பந்து உதைக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு நீ என்கூடக் கடைக்கு வா," என்றார். "நீயே பாத்து எடுத்துக் குடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேணாங்க. கீழயே இருங்களேன். உங்களுக்குப் பிடிக்காதத எதுக்கு..."

"பிடிக்காதுன்னு இல்ல." கையிலிருந்த அவள் ஷூவைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு உயரம்னா கொஞ்சம்... ஆகாது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பல்பு மாத்தணும்னா கூட தம்பியக் கூப்பிடுறீங்க. வீட்டுல எலக்ட்ரீஷியன் இருக்கான்ல, அவன் தொழிலக் கெடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மறுநாள் வருவதாக ஒத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை சாயங்காலமாகப் போனார்கள். அது அவள் யோசனை. காலையில் இருக்கிற பாதம் வேறு, நாள் முழுக்க நடந்து வீங்கிய பாதம் வேறு. வீங்கின பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும் என்றாள். மலைக்குப் போடுகிற தடித்த சாக்ஸையும் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

கடைப்பெண் அவர்களைப் பார்த்ததும் புன்னகைத்தாள். "வாங்க சார். சாம்பல் கலர்தானே?"

"நக்கல் வேணாம்மா. எடு."

போட்டார். நாடா விரல் வரைக்கும் நீண்டிருந்தது. மனைவி குனிந்து, விரல் பக்கம் தளர்வாகவும் மேல் கட்டு இறுக்கமாகவும் கட்டிவிட்டாள். "ஏறும்போது விரல் பக்கம் இறுக்கிக்கணும். இறங்கும்போது தளர்த்திட்டு, கணுக்கால்கிட்ட இறுக்கணும். இல்லன்னா பாதம் முன்னாடி போய் நகம் இடிச்சுக் கருத்துடும்." அவரைச் சரிவுப் பலகையில் இறங்கச் சொன்னாள். இரண்டு தடவை தட்தட்டென்று மிதித்து இறங்கினார். கட்டைவிரல் முன்னால் இடித்தது.

"இடிக்குதா?"

"லேசா. போட்டுப் போட்டு நெகிழ்ந்துடும்ல?"

"ரப்பர் நெகிழாதுங்க. நகம்தான் விழும்."

கடைப்பெண் அரை சைஸ் பெரியதைக் கொண்டுவந்தாள். இப்போது இடிக்கவில்லை. குதிகாலும் தூக்கவில்லை. மடக்கினால் மடங்க மறுத்தது. அவருக்குக் கைகள் பரபரத்தன. ஒரு தடவை முட்டி போட்டுப் பார்த்துவிடலாமா என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. அடக்கிக்கொண்டார்.

"இப்ப சட்டத்துல ஏறுங்க," என்றாள் மனைவி.

கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கையால் மேல் பிடியைப் பிடித்தார். இன்னொரு கையை மனைவியின் தோளில் வைத்தார். முன்பாதத்தைச் சட்டத்தில் ஊன்றினார். எழுந்தார். ஷூ மடியவில்லை. கட்டைவிரல் அகலமான மரத்தின் மேல் முழுப் பாதமும் தரையில் இருப்பது போல நின்றது. ஆனால் முழங்கால் உயரத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"கீழ பாக்காதீங்க சார்," என்றாள் கடைப்பெண்.

"பாக்கட்டும்மா," என்றாள் மனைவி. "கால் எங்க இருக்குன்னு பாக்காம எப்படி நிக்கிறது? ஏங்க, கால மட்டும் பாருங்க. ஒரு டைல் அளவுக்குப் பாருங்க. அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தா உங்களுக்கென்ன?"

பார்த்தார். ஷூ முனை, மரச்சட்டம், ஒரு ஆணி. அவ்வளவுதான் அந்த ஒரு டைலுக்குள் இருந்தது. இருபத்தைந்து வருடமாக அவர் செய்கிற வேலையே அதுதானே. எவ்வளவு பெரிய கூடமாக இருந்தாலும் கண் முன்னால் ஒரு டைல்தான் இருக்கும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது.

"இறங்கலாமா?" என்றார்.

"நான் புடிச்சா வச்சிருக்கேன்? நீங்கதான் என் தோளப் பிச்சு எடுத்துட்டிருக்கீங்க."

புதன்கிழமை சாயங்காலம் மருந்துக்கடைக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி சின்னப் பாறைக்கு வரவழைத்தார்கள். முதல் தடவை வழுக்கியது. ஷூ மேல் பழி போட முடியாது, காலைத் தப்பான இடத்தில் வைத்திருந்தார். இரண்டாவது தடவை நின்றார். மேலே போய், இறங்கி, மறுபடி ஏறினார். "சரி, வாங்க. ஆனா கயிறு கட்டித்தான் விடுவேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். "கயிறு கட்டாம நானே வரமாட்டேன்," என்றார் டைல்ஸ்காரர்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பத்துப் பேர் நடக்க ஆரம்பித்தார்கள். முதல் மூன்று மணி நேரம் மரங்களுக்கு நடுவே. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பாதத்தில் ஒரு புகாரும் இல்லை. பாறைக்குக் கீழே வந்ததும் சொன்னபடியே இரண்டு பேர் ஓடைக்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர், "சார், இங்க இடம் இருக்கு," என்று தன் பக்கத்தில் துண்டை உதறிப் போட்டார். டைல்ஸ்காரர் அந்தத் துண்டை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளும்கூட.

"திரும்பி வர்றப்ப உக்காந்துக்கறேன்," என்றார்.

மருந்துக்கடைக்காரர் முதலில் ஏறி மேலேயிருந்து கயிறு விட்டார். அடுத்தது டைல்ஸ்காரரின் மனைவி. அவள் பாறையில் ஏறி அவர் பார்த்ததே இல்லை. இரண்டு வருடமாக வீட்டுக்கு வருகிற அழுக்குத் துணிகளைத்தான் பார்த்திருக்கிறார். அவள் அவசரப்படவில்லை. விரலால் கல்லைத் தொட்டுத் தொட்டு அழுத்தி, நரம்பு தேடுகிற மாதிரி தேடினாள். இடம் கிடைத்ததும் யோசிக்காமல் காலை வைத்து எழுந்தாள். மறுபடி தொட்டுத் தேடினாள். இப்படியே ஐந்து நிமிஷத்தில் மேலே போய்விட்டாள். கீழே நின்றவருக்கு வாய் பிளந்திருந்தது. இவள் இவ்வளவு கெட்டிக்காரி என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாமல் போச்சே என்று நினைத்தார்.

அவர் முறை வந்தது. இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டினார்கள். முதல் ஆள் உயரம் சுலபமாகப் போனது. இரண்டாவதில் நடுவில் நின்றுவிட்டார். வலது கால் ஒரு விளிம்பில் நன்றாக உட்கார்ந்திருந்தது. இடது காலுக்கு இடம் தெரியவில்லை. கண் தானாகக் கீழே போனது. ஓடை தெரிந்தது. துண்டு தெரிந்தது. தொடை தையல் மெஷின் மாதிரி ஆடியது.

"என்னங்க," என்று மேலேயிருந்து மனைவியின் குரல். "கால் வலிக்குதா?"

"இல்ல."

"வழுக்குதா?"

"இல்ல. நல்லா நிக்குது."

"அப்ப அவசரமே இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க. எங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, முட்டை உரிச்சிட்டிருக்கோம்."

அவர் கல்லில் நெற்றியை வைத்தார். வெயில் பட்டுக் கதகதப்பாக இருந்தது. ஒரு டைல் அளவுக்குப் பார்த்தார். வலது ஷூவின் முனை, அதன் கீழே கல், கல்லில் ஒரு சின்ன எறும்பு. கால் நிற்கிறது என்று வாயால் சொன்ன பிறகுதான் அது உண்மையிலேயே நிற்கிறது என்று அவருக்கே உறைத்தது. ஆட்டம் குறைந்தது. இடது பக்கம் அடுத்த டைலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நகக்கண் அகலத்துக்கு ஒரு வரி தெரிந்தது. இதுவரை கண்ணில் படவே இல்லை. வைத்தார். எழுந்தார்.

எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியாது. மேலே போனதும் மருந்துக்கடைக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தார். மனைவி பாராட்டெல்லாம் செய்யவில்லை. உரித்த முட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். அதில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டுத் தின்றார்.

உச்சியில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் ஓரத்துக்குப் போகவில்லை, நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் கிண்டல் செய்யவில்லை. பிறகு மறுபக்கமாக இறங்கும் வழி. மண்ணும் சரளையும் கலந்த நீண்ட சரிவு. விரல் பக்கம் தளர்த்தி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். முட்டி வலி அவருக்கு இப்போதுதான் ஆரம்பித்தது. மெதுவாக வந்தார். அவள் அவருக்கு நாலு அடி முன்னால், அதே வேகத்தில் நடந்தாள். அவள் வேகம் அதுவல்ல என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்ச தூரம் போனதும், திரும்பிப் பார்க்காமல், ஒரு மரக்கிளையை விலக்கிக்கொண்டே கேட்டாள்:

"அடுத்த மாசம் ஆத்தோரமாப் போறாங்களாம். பாறையெல்லாம் இல்ல. வரீங்களா?"

அவர் ஷூவுக்கடியில் சரளை நறநறத்தது.

"என்னங்க, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார். "இன்னொரு தடவை கேளு."

"எதுக்கு?"

"சும்மா. கேளேன்."

"சரியான ஆளுதான் போங்க," என்று சொல்லிவிட்டு, அவர் வந்து சேரும் வரை கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.